குத்தகை முடியும் நாளின் கணக்கு

2016 மார்ச் 1 அன்று கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஐந்து இடங்களின் பெயர்கள் மாறின. 1927இல் திறக்கப்பட்டு, பின்னாளில் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அவானி விடுதி ‘மெஜஸ்டிக் யோசெமிட்டி ஓட்டல்’ ஆயிற்று. டேவிட் கரியும் ஜென்னி கரியும் 1899இல் சில கூடாரங்களோடு தொடங்கிய முகாமின் வழிவந்த கரி வில்லேஜ், ‘ஹாஃப் டோம் வில்லேஜ்’ ஆயிற்று. வவோனா ஓட்டல், யோசெமிட்டி லாட்ஜ், பேட்ஜர் பாஸ் பனிச்சறுக்குத் திடல் ஆகியவற்றுக்கும் புதிய பெயர்கள் வந்தன. நிலம் அரசுடையது, கட்டடங்களும் அரசுடையவை. ஆனால் அந்தப் பெயர்கள் தனக்குச் சொந்தமான வணிகச் சின்னங்கள் என்றும், அவற்றுக்கும் பிற சொத்துகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 5.1 கோடி டாலர் தரப்பட வேண்டும் என்றும், அங்கே விடுதிகளை நடத்திவந்து, குத்தகை முடிந்து வெளியேறவிருந்த டெலவேர் நார்த் நிறுவனம் 2015 செப்டம்பரிலேயே வழக்குத் தொடுத்திருந்தது. வழக்கு முடியும்வரை பழைய பெயர்களைப் பயன்படுத்துவது ஆபத்து என்று கருதிய தேசியப் பூங்கா நிர்வாகம், அவற்றை மாற்றிவிட்டது.

பொதுச்சொத்தைத் தனியாரிடம் குத்தகைக்கு விட்ட இடங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் நான். இந்த வழக்கின் ஆவணங்களைப் படித்தபோது, குத்தகைக் காலம் முழுவதும் எழுதப்படாமலே போன ஒரு தணிக்கைத் தடையாகத்தான், அதாவது குறையைச் சுட்டி விளக்கம் கேட்கும் தணிக்கைக் குறிப்பாகத்தான், இது எனக்குத் தென்பட்டது. குத்தகைத் தணிக்கை என்றவுடன் நாங்கள் எல்லோரும் முதலில் கல்லாப்பெட்டியைத்தான் பார்க்கிறோம். எவ்வளவு வசூலானது, எவ்வளவு கட்டணம் செலுத்தப்பட்டது, எவ்வளவு பாக்கி என்பதோடு பெரும்பாலான தணிக்கை அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் குத்தகை முடியும் நாளில் எந்த நிலையில், எந்தப் பெயரோடு, எவ்வளவு கடனோடு அந்தச் சொத்து மக்களிடம் திரும்பி வரும் என்ற கேள்வி, அந்தக் கல்லாப்பெட்டியைவிடப் பெரியது. யோசெமிட்டியின் கதையில் அந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் வெவ்வேறு உருவங்களில் எழுகிறது என்பதால், அதை வைத்தே இதை எழுதுகிறேன்.

1864 ஜூன் 30 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது; 1890இல் அதைச் சுற்றியுள்ள பெரும்பகுதி தேசியப் பூங்காவானது. பார்க்க வருகிறவர்கள் தங்கவும் உண்ணவும் ஏற்பாடு செய்யும் வேலை தொடக்கம் முதலே தனியார் கையில்தான் இருந்தது. தேசியப் பூங்கா நிர்வாகத்தின் முதல் இயக்குநரான ஸ்டீபன் மேத்தர், ஒரே பூங்காவில் பல கடைக்காரர்கள் போட்டியிடுவதைவிட, அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஒரே பெரிய நிறுவனம் பணிசெய்வது நல்லது என்று நம்பினார். அந்தக் கொள்கையின்படி 1925இல் அங்கிருந்த இரு நிறுவனங்களும் இணைக்கப்பட்டு யோசெமிட்டி பார்க் அண்டு கரி கம்பெனி உருவானது. 1963இல் அந்த நிறுவனத்துக்கு 30 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அதன்படி நிறுவனம் அரசுக்குச் செலுத்த வேண்டிய உரிமக் கட்டணம் மொத்த வருவாயில் 0.75 விழுக்காடு, அதாவது நூறு டாலருக்கு எழுபத்தைந்து சென்ட் மட்டுமே.

இந்தச் சொற்பத் தொகையைத்தான் எல்லோரும் சுட்டிக்காட்டிக் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. ஆயினும், கட்டண விகிதத்தைவிட அரசின் கையைக் கட்டிப்போட்டவை வேறு இரண்டு ஏற்பாடுகள். குத்தகைதாரர் பூங்காவுக்குள் கட்டும் கட்டடங்களில் அவருக்கு ஒருவகை உடைமை உரிமை உண்டு என்றும், திருப்திகரமாகப் பணிசெய்த குத்தகைதாரருக்குப் புதுப்பிப்பில் முன்னுரிமை உண்டு என்றும் 1965ஆம் ஆண்டின் சட்டம் உறுதிசெய்தது. கட்டடத்தின் பட்டா அரசின் பெயரில் இருக்கும். ஆனால் குத்தகைதாரரை மாற்ற வேண்டுமானால், அந்தக் கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு, மீதியை யாராவது பழையவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்துக்குள் ஒவ்வோர் ஆண்டும் வளர்ந்துகொண்டே போகும் கடன் இது. இதை எந்த மாதாந்திர வருவாய் அறிக்கையும் காட்டாது.

1973இல் எம்.சி.ஏ. என்ற பொழுதுபோக்கு நிறுவனம் கரி கம்பெனியை வாங்கியது. 1990இல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் எம்.சி.ஏ.வை வாங்கியபோதுதான், அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற தேசியப் பூங்காவின் விடுதிகளை நடத்தும் உரிமை பங்குச் சந்தையில் கைமாறிப் போகக்கூடியது என்பது அந்நாட்டு மக்களுக்கு உறைத்தது. தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் உள்துறையின் அன்றைய செயலர் மானுவல் லுகான் கடுமையாக எதிர்த்தார். வெளிநாட்டு நிறுவனம் என்பதைச் சுற்றியே அந்த எதிர்ப்பு பெரும்பாலும் சுழன்றது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. உள்நாட்டு நிறுவனமே வாங்கியிருந்தாலும், குத்தகை உரிமை கைமாறுவதைப் பற்றி அரசு கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அதே கேள்விகள்தாம். இறுதியில் கரி கம்பெனியின் சொத்துகள் தேசியப் பூங்கா அறக்கட்டளை வழியாகக் கைமாறும் ஏற்பாடு செய்யப்பட்டு, போட்டி ஏலத்தில் வென்ற டெலவேர் நார்த் 1993இல் பொறுப்பேற்றது.

1998இல் வந்த சட்டம் நிலைமையைப் பெரிதும் மாற்றியது. ஒப்பந்தக் காலம் பொதுவாகப் பத்து ஆண்டுகள், தேவையானால் இருபது ஆண்டுகள் வரை என்று வரையறுக்கப்பட்டது. பெரிய குத்தகைதாரர்களுக்கான புதுப்பிப்பு முன்னுரிமை நீக்கப்பட்டது. சிறிய நிறுவனங்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் மட்டும் அது தொடர்ந்தது. பழைய உடைமை உரிமைக்குப் பதிலாக, கட்டுமானச் செலவை விலைவாசிக் குறியீட்டோடு பொருத்தித் தேய்மானத்தைக் கழிக்கும் புதிய ஈட்டுரிமை, அதாவது வெளியேறும் குத்தகைதாரர் தன் கட்டுமானத்துக்கு ஈட்டுத்தொகை பெறும் உரிமை, வந்தது. வசூலாகும் உரிமக் கட்டணத்தில் 80 விழுக்காடு அந்தந்தப் பூங்காவிலேயே செலவிடப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிக்கும் வரி ஒன்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பூங்காவின் வளங்களைக் காப்பதும், வருகிறவர்களுக்குத் தேவையான வசதிகளை நியாயமான விலையில் தருவதும் முதன்மையான நோக்கங்கள்; அரசுக்குக் கிடைக்கும் வருவாய் அவற்றுக்குக் கீழ்ப்பட்டது என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. குத்தகைத் தணிக்கையின் வரிசையையும் இந்த வரிதான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. நடைமுறையில் வரிசை தலைகீழாக இருக்கிறது.

அப்படியென்றால் வருவாயைப் பார்க்கவே வேண்டாமா என்றால், நிச்சயம் பார்க்க வேண்டும், கூர்மையாகவே பார்க்க வேண்டும். குத்தகைதாரர் அரசுக்குத் தர வேண்டியது லாபத்தில் ஒரு பங்கு அன்று. மொத்த வருவாயில் ஒரு பங்கு. செலவை ஊதிக்காட்டி லாபத்தைக் குறைக்கும் வழி இங்கே பயன்படாது என்பதால், ஏமாற்ற நினைப்பவருக்கு வருவாயையே மறைப்பதுதான் ஒரே வழி. ஆனால் என் அனுபவத்தில் திட்டமிட்ட மறைப்பைவிட, ‘மொத்த வருவாய்’ என்பதற்குள் எது வரும் என்பதில் ஒப்பந்தத்தின் இரு தரப்பும் வெவ்வேறு புரிதலோடு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுவதுதான் அதிகம். இணையவழி முன்பதிவுத் தளம் தன் தரகைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. குத்தகைதாரர் அந்த மீதியை மட்டும் வருவாயாக எழுதுகிறார். விருந்தினர் கொடுத்த முழுத்தொகையே மொத்த வருவாய் என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தால், ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு தொகை கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. விடுதியின் முற்றத்தில் வேறொருவர் மிதிவண்டி வாடகைக் கடை வைத்திருக்கிறார்; அவர் தரும் வாடகை மட்டும் கணக்கில் வருகிறது, அவருடைய விற்பனை வருவதில்லை. விற்றுவிட்ட பரிசு அட்டை, ரத்தான முன்பதிவில் திருப்பித் தராத முன்பணம், தானியங்கி விற்பனை இயந்திரம், திருமணத்துக்கு வாடகைக்கு விட்ட கூடம் என்று, ஒப்பந்தத்தின் வரையறைப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டிய இனங்கள் ஏராளம்.

இவற்றைச் சரிபார்க்கும் முறை எளிமையானது, பொறுமையைக் கேட்பது. பில் போடும் ஒவ்வோர் இயந்திரத்தின் நாள் இறுதி அறிக்கைக்கும் ஒரு தொடர் எண் உண்டு. அந்த எண்களில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் அறிக்கையின் தொகை வங்கியில் செலுத்தப்பட்டதா, அந்தத் தொகையே மாதப் பேரேட்டில் ஏறியதா, பேரேட்டின் தொகையே அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இருக்கிறதா என்று முன்னோக்கியும், அறிக்கையிலிருந்து பில்வரை பின்னோக்கியும் நடந்து பார்க்க வேண்டும். ரத்து செய்த பில்கள் எந்தப் பணியாளரின் பெயரில், எந்த நேரத்தில் குவிகின்றன என்பதைத் தனியே எடுக்க வேண்டும். அறைகளுக்கோ, வீட்டுப் பராமரிப்புப் பிரிவின் துப்புரவுக் குறிப்பேடு மிக நல்ல சாட்சி. துணி மாற்றிய அறைகளின் எண்ணிக்கையும் வாடகை வசூலான அறைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாத நாள்களைக் கேள்விக்கு உள்ளாக்கினால், இலவசமாகத் தரப்பட்ட அறைகள், பணியாளர் தங்கிய அறைகள், கணக்கில் வராத அறைகள் மூன்றும் தனித்தனியே பிரிந்துவிடும். கணக்குப் பிரிவும் துப்புரவுப் பிரிவும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை என்பதால், அந்தக் குறிப்பேட்டை யாரும் திருத்தி வைப்பதில்லை.

விலைக் கட்டுப்பாடும், ஒப்பந்த விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்கத் தணிக்கையின் ஒரு பகுதி. பூங்காவுக்குள் ஒரு கோப்பைக் காப்பிக்குப் போட்டி கிடையாது. ஆகவே வெளியே இதேபோன்ற தரமுள்ள இடங்களில் என்ன விலை என்று ஒப்பிட்டு, பூங்கா நிர்வாகம் விலைகளுக்கு ஒப்புதல் தருகிறது. ஒப்புதல் பெற்ற விலைப்பட்டியலையும் விற்ற பில்லையும் ஒப்பிடுவது அரைநாள் வேலை. ஒப்பிடத் தேர்ந்தெடுத்த வெளி விடுதிகள் உண்மையிலேயே ஒத்த தரம் உடையவையா என்று கேட்பதுதான் கடினமான வேலை, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இனி, கல்லாப்பெட்டிக்கு வெளியே வருகிறேன். கட்டடங்களின் பெரிய பழுதுகளுக்கென, கூரை மாற்றுவது, கொதிகலன் மாற்றுவது போன்றவற்றுக்கென, மொத்த வருவாயில் ஒரு பங்கைத் தனி நிதியாக ஒதுக்கிவைக்கும்படி இன்றைய பூங்கா ஒப்பந்தங்கள் பல கேட்கின்றன. இந்த நிதியில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு தணிக்கை முடிந்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் நடக்க வேண்டிய சாதாரணப் பராமரிப்பைச் செய்யாமல் விட்டு, கட்டடம் பழுதானபின் அந்தச் செலவைப் பெரிய பழுது நிதியின் தலையில் கட்டுவது, உலகெங்கும் குத்தகைதாரர்கள் செய்யும் வேலை. அப்படிச் செய்தால் தன் செலவாக இருந்திருக்க வேண்டியது பொதுச்செலவாக மாறிவிடுகிறது. வவோனா ஓட்டலின் மரக் கட்டடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 2024 டிசம்பரில் கூரையை மாற்றவும் கட்டமைப்பின் வலிமையை ஆராயவும் அந்த ஓட்டல் மூடப்பட்டது. இதில் யார் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அத்தனை வயதான கட்டடத்தில், எந்த ஆண்டு எந்தப் பலகை மாற்றப்பட்டது, யார் செலவில் மாற்றப்பட்டது என்ற பதிவேடு இல்லாவிட்டால், இப்படி மூடும் நாளில் யாருடைய பொறுப்பு எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்லவே முடியாது.

பராமரிப்புத் தணிக்கையை வெறும் எழுத்து வேலையாக நினைப்பவர்களுக்கு நான் 2012ஆம் ஆண்டின் கோடையை நினைவூட்டுவேன். 2008 அக்டோபரில் கரி வில்லேஜின் மேலே உள்ள பாறைச் சுவரிலிருந்து கற்கள் சரிந்து விழுந்ததால், இருநூறுக்கும் மேற்பட்ட தங்குமிடங்கள் ஆபத்துப் பகுதி என்று நிரந்தரமாக மூடப்பட்டன. இழந்த இடங்களை ஈடுசெய்ய, 2009இல் 91 புதிய கூடார அறைகள் அமைக்கப்பட்டன. பழைய கூடாரங்களில் ஒற்றைக் கித்தான் மட்டுமே இருக்கும். புதியவற்றில் குளிரைத் தாங்குவதற்காக உள்ளே ஒரு சுவரும், இரண்டுக்கும் நடுவில் வெப்பக்காப்புப் பொருளும் வைக்கப்பட்டன. அந்த இடுக்கில் மான் எலிகள் கூடுகட்டின. 2012 கோடையில் பூங்காவுக்கு வந்தவர்களில் பத்துப் பேருக்கு, எலிகள் வழியாகப் பரவும் ஹாண்டா வைரஸ் தொற்று ஏற்பட்டது. மூன்று பேர் இறந்தனர். பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தப் புதிய கூடார அறைகளில் தங்கியவர்கள். ஆகஸ்ட் இறுதியில் 91 அறைகளும் மூடப்பட்டு, பின்னர் பிரித்தெடுக்கப்பட்டன.

இதில் என்னை உலுக்குவது, தொற்று அதற்கு முன்பே அங்கே தலைகாட்டியிருந்தது என்பதுதான். 2000இலும் 2010இலும் அதே பூங்காவின் உயரமான பகுதிக்கு வந்தவர்களில் தலா ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தது. மனிதர்கள் உறங்கும் கட்டடங்களில் எலி நுழைவதைச் சோதித்துத் தடுக்கும் பணியைக் கூட்ட வேண்டும் என்று மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை 2010க்குப் பிறகு பரிந்துரைத்திருந்தது. வேறொரு துறை எழுதிய பரிந்துரை, குத்தகை ஒப்பந்தத்தின் இணக்கப் பட்டியலுக்குள் எந்த வழியாக நுழையும்? எல்லாக் குத்தகைத் தணிக்கைகளிலும் நான் கேட்க விரும்பும் கேள்வி இது. ஒப்பந்தத்தில் ‘பொருந்தும் சட்டங்கள் அனைத்துக்கும் உட்பட்டு’ என்ற வரி இருக்கும். பரிந்துரை சட்டம் ஆகாது. அதனால் அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. குத்தகைதாரருக்கு வந்த சுகாதாரத் துறைக் கடிதங்கள், தீயணைப்புத் துறைக் குறிப்புகள், காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வுரைகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று எழுதச் சொல்லும் தணிக்கையாளர், உயிரைக் காக்கும் வேலையைச் செய்கிறார். அதேபோல, கட்டடத்தின் வடிவமைப்பில் ஒரு மாற்றம் வந்தால் பராமரிப்புத் திட்டமும் கூடவே மாறியதா என்று பார்ப்பதும் அவர் வேலை. ஒற்றைக் கித்தானுக்கு எழுதிய துப்புரவு முறை இரட்டைச் சுவருக்குப் போதாது. கித்தானுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்கும்படி எந்தப் படிவமும் சொல்லாதவரை, யாரும் பார்க்கப்போவதில்லை.

இப்போது பெயர்களுக்கு வருவோம். டெலவேர் நார்த்தின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. 1993இல் பொறுப்பேற்றபோது, முந்தைய நிறுவனத்தின் கட்டட உரிமையை மட்டும் அல்லாமல் தொழிலுக்குப் பயன்பட்ட பிற சொத்துகளையும் விலை கொடுத்து வாங்கும்படி அரசே அதைக் கட்டாயப்படுத்தியது. ஆகவே தனக்குப் பின் வருபவரும் அவ்வாறே தன்னிடமிருந்து நியாய விலைக்கு வாங்கியாக வேண்டும் என்று அது வாதிட்டது. ஒப்பந்தத்தில் ‘பிற சொத்துகள்’ என்று பொதுவாக எழுதிய இரண்டு சொற்களுக்குள் கட்டில், மேசை, வண்டி, சமையல் பாத்திரம் ஆகியவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத பெயர் உரிமைகளும் நுழைந்துவிட்டன. பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னங்களில் விடுதிப் பெயர்களோடு, நினைவுப் பொருள்களின் மேல் அச்சிடுவதற்கான ‘யோசெமிட்டி தேசியப் பூங்கா’ என்ற தொடரும் இருந்தது. தனக்குத் தெரியாமலே இப்பதிவுகள் நடந்தன என்றது பூங்கா நிர்வாகம். மதிப்பீட்டிலும் இரு தரப்புக்கும் நடுவே பெரும் இடைவெளி இருந்தது: நிறுவனம் கேட்டது ஏறத்தாழ 5.1 கோடி டாலர்; நிர்வாகம் கணித்தது ஏறத்தாழ 35 லட்சம் டாலர்.

2019 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. மொத்தம் 1.2 கோடி டாலர் தருவதென முடிவாகி, அதில் 38.4 லட்சத்தை அமெரிக்க அரசும், 81.6 லட்சத்தைப் புதிய குத்தகைதாரரான அராமார்க்கும் ஏற்றன. பழைய பெயர்கள் திரும்பின. அராமார்க்கின் ஒப்பந்தம் முடியும்போது அந்தப் பெயர் உரிமைகள் செலவின்றிப் பூங்கா நிர்வாகத்துக்கு வந்துசேரும் என்பதும் உடன்பாட்டின் பகுதி. அவானி என்பது அந்தப் பள்ளத்தாக்கில் காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடி மக்கள் தங்கள் மண்ணுக்கு வைத்திருந்த பெயர். அரசும் இரு நிறுவனங்களும் அதன் விலை குறித்து வழக்காடிய நான்கு ஆண்டுகளில், அந்த மக்கள் எந்தத் தரப்பிலும் இல்லை.

தணிக்கையாளனாக இதில் எனக்குத் தெரிவது மிகச் சாதாரணமான ஓர் இடைவெளி. குத்தகைதாரரின் சொத்துப் பதிவேட்டை ஆண்டுதோறும் வாங்குவோம். அதில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களை எண்ணுவோம். ஆனால் வணிகச் சின்னப் பதிவகத்தின் தரவுகள் யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பூங்காவின் பெயரையும் விடுதிகளின் பெயர்களையும் தேடிப் பார்ப்பது என்பது எந்த இணக்கப் பட்டியலிலும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய வேலை. முதல் பதிவு நடந்த ஆண்டிலேயே ஒரு தணிக்கைத் தடை எழுதப்பட்டிருந்தால், அன்று ஒரு கடிதத்தில் முடிந்திருக்கக்கூடியது, ஆண்டுகள் ஓடியபின் நீதிமன்றத்துக்குப் போனது. இணையதள முகவரிகள், வாடிக்கையாளர் மின்னஞ்சல் பட்டியல்கள், முன்பதிவுத் தரவுகள், சமூக ஊடகக் கணக்குகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இவை இன்று ஒரு விடுதியின் உயிர்நாடிகள். குத்தகை முடியும்போது இவை யாரிடம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்கும் வழக்கம் இன்னும் பரவவில்லை.

நியூயார்க் நகரம் இதே சிக்கலை இன்னொரு விதமாகச் சந்தித்தது. சென்ட்ரல் பார்க்கில் 1934இல் நகரத்தின் பூங்கா ஆணையராக இருந்த ராபர்ட் மோசஸ் காலத்தில் திறக்கப்பட்ட டாவர்ன் ஆன் தி கிரீன் உணவகத்தைப் பல ஆண்டுகள் லெராய் குடும்பம் உரிமம் பெற்று நடத்தியது. 2009 முடிவில் உரிமம் முடிந்தபோது, பெயர் தங்களுடையது என்று அவர்கள் உரிமை கோரினர். குடும்பம் பொறுப்பேற்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே நகரத்தின் பூங்காவில் அந்தப் பெயர் புழங்கிவந்ததால், பெயர் நகரத்துக்கே உரியது என்று 2010இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரம் வென்றது பழைய ஆவணங்களின் வலிமையால். யோசெமிட்டியிலோ, முந்தையவரிடமிருந்து விலைக்கு வாங்கும்படி எழுதிக்கொடுத்த ஒப்பந்தமே அரசுக்கு எதிரான ஆவணமாக நின்றது.

கட்டட ஈட்டுரிமை என்ற வளரும் கடன் 1998க்குப் பிறகும் தீர்ந்துவிடவில்லை என்பதைக் கிராண்ட் கேன்யன் காட்டியது. அதன் தென்விளிம்பில் இருந்த குத்தகைதாரரின் ஈட்டுரிமை அவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்ததால், அதை வாங்கிக்கொண்டு வேறு யாரும் ஏலத்தில் நுழைவது நடக்காத காரியம் ஆயிற்று. 2014 வாக்கில் பூங்கா நிர்வாகம் 10 கோடி டாலர் கொடுத்து அதன் ஒரு பகுதியைத் தீர்த்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பிற பூங்காக்களின் உரிமக் கட்டண நிதியிலிருந்து கடனாக எடுக்கப்பட்டது. ஒரு பூங்காவின் விடுதிக் கடனுக்காக மற்ற பூங்காக்களின் நடைபாதைகளும் கழிப்பறைகளும் காத்திருந்தன. எந்தக் கட்டுமானத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் தரப்பட்டது, எந்தச் செலவுச்சீட்டு ஈட்டுரிமையில் சேரத்தக்கது, எது சாதாரணப் பழுது என்று ஆண்டுக்காண்டு தீர்த்து எழுதிக்கொண்டே வந்தால்தான் இந்தக் கடன் தன் உண்மையான அளவில் நிற்கும். கடைசி ஆண்டில் உட்கார்ந்து கணக்கிடப் புகுந்தால், பழைய செலவுச்சீட்டுகள் யாரிடம் இருக்கின்றனவோ அவர் சொல்வதே கணக்கு.

பூங்கா நிர்வாகம் ஒவ்வொரு குத்தகைதாரருக்கும் ஆண்டுதோறும் ஒட்டுமொத்த மதிப்பீடு தருகிறது. களஆய்வு, பொதுச் சுகாதாரம், ஆபத்து மேலாண்மை, சுற்றுச்சூழல், சொத்துப் பராமரிப்பு, நிர்வாக இணக்கம் என்று பல கூறுகளைச் சேர்த்து அது தீர்மானிக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல கூறுகளை ஒரே சொல்லாகச் சுருக்கும்போது, ஒரு கூறின் பலவீனத்தை மற்றொன்றின் பலம் மறைத்துவிடும். நாடாளுமன்றத்துக்காகக் கணக்காய்வு செய்யும் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே, பூங்கா நிர்வாகத்தின் குத்தகைப் பிரிவில் வணிகமும் ஒப்பந்தமும் அறிந்த பணியாளர்கள் போதவில்லை என்று சுட்டிக்காட்டியது. வனக்காவலராகப் பணியில் சேர்ந்து, மலையேறுபவர்களை மீட்கவும் கரடிகளை விரட்டவும் கற்ற ஒருவரிடம் பல கோடி டாலர் விடுதிக் கணக்கைப் படிக்கச் சொல்வது அவருக்கும் நியாயமன்று. அதற்கென்றே பயின்றவர்களை நியமிப்பது உரிமக் கட்டணத்தில் முதலில் செலவிட வேண்டிய செலவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மதிப்பீட்டுக்குப் பல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓரிகனின் கிரேட்டர் லேக் தேசியப் பூங்கா சான்று. பராமரிப்பு, பணியாளர் குடியிருப்பின் நிலை, பாதுகாப்பு ஆகியவற்றில் குறைகள் தொடர்ந்ததால், அங்கே அராமார்க்கின் துணை நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளப் போவதாக 2024இல் பூங்கா நிர்வாகம் அறிவித்தது. அதே ஆண்டில் எக்ஸ்ப்ளோரஸ் என்ற வேறு நிறுவனம் பொறுப்பேற்றது. நடுவிலேயே ஒப்பந்தத்தை முடிப்பது அரிதான நடவடிக்கை. அதைச் செய்ய முடிந்தது, குறைகள் தேதியோடு எழுதப்பட்டு, திருத்தக் கெடு தரப்பட்டு, கெடு தாண்டியதும் பதிவு செய்யப்பட்டதால்தான். எழுதிவைக்காத குறையை எந்த நிர்வாகமும் காரணமாகக் காட்ட முடியாது.

யோசெமிட்டியில் 2016இல் தொடங்கிய ஒப்பந்தம் 15 ஆண்டுகளுக்கானது. காலம் முழுவதற்கும் சுமார் 200 கோடி டாலர் வருவாய் ஈட்டும் என்று அன்று மதிப்பிடப்பட்டது. அதன் கணக்குப்படி 2031இல் மீண்டும் ஒரு கைமாற்றம் வரும். என்னிடம் அந்தத் தணிக்கையின் திட்டத்தை எழுதச் சொன்னால், முதல் பத்தியில் வருவாய் இராது. ஈட்டுரிமை கோரக்கூடிய ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் ஒப்புதல் கடிதமும் செலவுச்சீட்டும் இன்றைய தேதியில் இரு தரப்பின் கையொப்பத்தோடு இருக்கின்றனவா என்று முதலில் கேட்பேன். சமரச உடன்பாட்டில் குறிப்பிட்ட சின்னங்களைத் தவிரப் புதிதாக ஏதேனும் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பதிவகத்தில் தேடச் சொல்வேன். ஒவ்வொரு கூடாரத்திலும் அறையிலும் எலி புகும் வழிகள் அடைக்கப்பட்டனவா என்பதற்கான களஆய்வுக் குறிப்பைத் தேதிவாரியாகக் கேட்பேன். பெரிய பழுது நிதியிலிருந்து எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் எதிரே, அந்தப் பகுதியில் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் செய்த சாதாரணப் பராமரிப்பின் பட்டியலை வைக்கச் சொல்வேன். முன்பதிவுத் தரவுகளை ஒப்படைக்கும் முறை என்ன என்பதற்கு எழுத்துமூலமான பதில் வாங்குவேன். அதன்பிறகு, துப்புரவுக் குறிப்பேட்டையும் அறை வாடகைப் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜூலை மாதத்திலிருந்து எண்ணத் தொடங்குவேன்.